பொருளேடா, தகவல் அமைப்பா? ஆய்வக வேதிப்பொருள் பதிவுக்குக் கலைச்சொல்

குழுவினருக்கு வணக்கம்.

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ப் பக்கத்து ஆய்வு நிலையம் ஒன்றில் கடல்நீர், பாசி, மீன்நோய் ஆய்வகங்கள் மூன்றுக்கும் பொதுவாக வேதிப்பொருள் விவரங்களைக் கணினியில் ஏற்றத் திட்டம். திரை முழுக்கத் தமிழில்தான். வரைவில் ‘பகிரப்பட்ட வேதிச்சேர்மத் தகவல் அமைப்பு’ என்றிருக்கிறது. வாயில் நுழையவில்லை. வேறு சொல் உண்டா?

*

ஐயா, நீளம்கூடப் பரவாயில்லை, ‘சேர்மம்’தான் உதைக்கிறது. மாதிரிகளைக் கெடாமல் வைக்கும் பார்மலின் சேர்மம் அல்ல, கலவை: ஏறத்தாழ 37% பார்மால்டிஹைடு, நீர், திரளாமலிருக்கக் கொஞ்சம் மெத்தனால். ‘வேதிப்பொருள்’ என்றால் இரண்டுமே அடங்கும். ‘அமைப்பு’ என்றால் சங்கம் என்று நினைப்பார்கள். ‘பகிரப்பட்ட’ எதற்கு, ‘பொது’ போதாதா? பொது வேதிப்பொருள் ஏடு என்று வைக்கலாம்.

ஆனால் உள்ளே இரண்டு ஏடுகள் வேண்டும். பொருளேட்டில் ஒரு பொருளுக்கு ஒரே பதிவு: சி.ஏ.எஸ். எண் (வேதிப்பொருளுக்குரிய அடையாள எண்), அபாயக் குறிகள், எதனோடு சேர்த்து வைக்கக்கூடாது, 16 பகுதி கொண்ட பாதுகாப்புத் தரவுத்தாள். கலனேட்டில் ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு பதிவு: தொகுதி எண், திறந்த தேதி, மீதி அளவு, அலமாரி. இரண்டையும் ஒன்றாக்கினால் ஐந்து பாட்டிலுக்கு ஐந்து தரவுத்தாள் ஏறும். புதுத்தாள் வந்தால் ஒன்றை மட்டும் மாற்றுவார்கள்.

பெயரை நம்பிப் பதிவைச் சேர்க்காதீர்கள். மீன் தொட்டிக்குப் போடும் மயில்துத்தம், அதாவது நீருள்ள காப்பர் சல்பேட்டின் சி.ஏ.எஸ். எண் 7758-99-8. நீரற்ற காப்பர் சல்பேட்டுக்கு 7758-98-7. முன்னதின் மூலக்கூறு எடை 249.7, பின்னது 159.6. நீரற்றதற்குப் போட்ட கணக்கில் மயில்துத்தத்தை நிறுத்தால் செம்பு 36% குறையும்.

தட்டச்சுப் பிழையைப் பிடிக்க இந்த எண்ணின் கடைசி இலக்கம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு, மற்றவற்றை வலமிருந்து 1, 2, 3 என்று பெருக்கிக் கூட்டுங்கள்; கூட்டுத்தொகை அதே இலக்கத்தில் முடிய வேண்டும். மயில்துத்தத்துக்கு 9+18+24+20+35+42 = 148; கடைசி இலக்கம் 8, சரி. சி.ஏ.எஸ். எண் கட்டத்தை எண்ணாக அல்ல, வெறும் எழுத்தாக (text) வையுங்கள். எக்செல் சில எண்களைத் தேதியாக்கிவிடும்.

*

‘பொருளேடு’ நன்று. ‘கலனேடு’ம் சரி, ‘கலமேடு’ ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கரையில் கலம் என்றால் கடலில் போவது.

என் பங்குக்கு ஒரு சொல்: ஆய்வகத்திலேயே கலக்கியதற்குத் ‘தயாரிப்பு’. அதற்குத் தனிப்பதிவு, அதில் ‘கூறுகள்’ என்ற கட்டம் கட்டாயம். ‘10% பார்மலின்’ என்று எழுதிய கேனில் இருப்பது ஒரு பங்கு பார்மலின், ஒன்பது பங்கு கடல்நீர். பார்மால்டிஹைடு 4 சதவீதத்துக்கும் குறைவு. பெயர் மட்டும் ஏறினால் 10% பார்மால்டிஹைடு என்றே படிப்பார்கள்.

இறால் பண்ணை நீரில் ஆக்சிஜன் பார்க்கும் வின்க்ளர் கரைசல் இன்னும் மோசம். அதன் ஒரு வகையில் சோடியம் அசைடு உண்டு; அது கூறுகள் கட்டத்தில் இல்லாவிட்டால், அமிலத்தோடு வைக்காதே என்ற எச்சரிக்கை வராது. அமிலம் பட்டால் நச்சு ஹைட்ரசோயிக் அமிலம் எழும். செம்பு, ஈயக் குழாயில் ஊற்றினால் வெடிக்கும் அசைடு படியும்.

பாட்டிலில் ஒட்டும் பெயர்ச்சீட்டு விஷயத்தையும் வரைவில் சேருங்கள். உப்புக்காற்றில் காகிதச் சீட்டு உரியும், வெப்ப அச்சு மங்கும். பாலியெஸ்டர் சீட்டில் ரெசின் ரிப்பன் அச்சு நிற்கும். மூடியில் ஒட்ட வேண்டாம், மூடிகள் மாறிப்போகும்; பாட்டிலின் உடம்பில், ஊற்றும் பக்கத்துக்கு எதிர்ப்புறம்.