வலியே இல்லாமல் வந்த ரத்தம்: அம்மாவின் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்

அம்மா அறுபதைத் தாண்டியவர், புகை, புகையிலை எதுவும் கிடையாது. சிறுநீர் சிவப்பாகப் போனது, ஆனால் எரிச்சல், காய்ச்சல், வலி ஒன்றுமே இல்லை. பெண்கள் என்றாலே யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று ஆன்டிபயாட்டிக் எழுதிவிடுகிறார்கள். அம்மாவுக்கும் அப்படித்தான், மாத்திரை போட்டதும் நின்றது, கொஞ்ச நாளில் திரும்ப வந்தது, திரும்ப மாத்திரை. இந்தக் கட்டி விட்டு விட்டுத்தான் கசியும், தானாகவே நிற்கும், மாத்திரை கேட்டுவிட்டது என்று எல்லோருக்கும் தோன்றும். யூரின் கல்ச்சரில் கிருமி வளரவில்லை என்று வந்த அன்றே யூராலஜிஸ்டிடம் (சிறுநீர்ப் பாதை நிபுணரிடம்) அனுப்பியிருக்க வேண்டும், அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

சிறுநீர்ப் பாதை வழியாகக் கேமரா விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பியில்தான் கட்டி தெரிந்தது. சின்னக் கட்டிகள் ஸ்கேனில் தப்பிவிடலாம், அதனால் ஸ்கேன் நார்மல் என்றாலும் கேமரா வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம் வயிற்றைக் கிழிக்காமல் சிறுநீர்ப் பாதை வழியாகவே சுரண்டி எடுத்தார்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டில் நான் முதலில் தேடியது, தசைக்குள் இறங்கியிருக்கிறதா என்பதைத்தான். இறங்கியிருந்தால் சிறுநீர்ப்பையையே எடுப்பது, அல்லது கீமோவும் ரேடியேஷனும் என்று பேச்சே வேறு. அம்மாவுக்கு டி1, அதாவது உள்சவ்வுக்கு அடுத்த அடுக்கு வரை வந்திருக்கிறது, தசையைத் தொடவில்லை; ஹை கிரேடு, அதாவது வேகமாக வளரும் வகை. எடுத்த துண்டில் தசை இருந்ததா என்பதையும் கேட்க வேண்டும், தசையே இல்லாத துண்டை வைத்து அதைச் சொல்ல முடியாது. சில வாரம் கழித்து அதே இடத்தை மறுபடி சுரண்டிப் பார்த்தார்கள்.

அடுத்து, கட்டி திரும்ப வராமல் தடுக்க பி.சி.ஜி., குழந்தை பிறந்ததும் போடுகிறோமே, அதே காசநோய்த் தடுப்பூசிக் கிருமி. வாரம் ஒன்றாக 6 வாரம், டியூப் வழியாகப் பைக்குள் விடுவார்கள். 2 மணி நேரம் அடக்கி வைத்திருக்க வேண்டும், அம்மாவுக்கு அதுதான் பெரும்பாடு. உயிருள்ள கிருமி என்பதால் அதற்குப் பின் 6 மணி நேரம் சிறுநீர் போகும்போதெல்லாம் டாய்லெட்டில் பிளீச் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டுத் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். அன்று ராத்திரி லேசான காய்ச்சலும் உடம்பு வலியும் வரும், ஒன்றிரண்டு நாளில் போய்விடும். காய்ச்சல் அதிகமானாலோ நிற்காமல் அடித்தாலோ உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள், காத்திருக்க வேண்டாம்.

இப்போது 3 மாதத்துக்கு ஒருமுறை சிஸ்டோஸ்கோப்பி, திரும்ப வரக்கூடிய நோய் என்பதால் இதைத் தள்ளிப்போடவே கூடாது. கடைசியாகப் பார்த்தபோது சுத்தமாக இருந்தது. அந்த 6 வாரத்துக்குப் பிறகு தொடரும் பி.சி.ஜி. பராமரிப்பு டோஸ்கள் போய்க்கொண்டிருக்கின்றன, எரிச்சல்தான் ஒவ்வொரு முறையும் கூடுகிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி இருந்தால் டாக்டர் டோஸைக் குறைத்தாரா, இடைவெளி விட்டாரா, எழுதுங்கள்.