ஒற்றைச் சக்கரமா, இரட்டைச் சக்கரமா?

சவுண்டுக்காரன்: நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார்: எவ்வளவு கனமான சாமானையும் தள்ள தோட்டத்து ஒற்றைச் சக்கர சோரோங் (கைத்தள்ளுவண்டி) போதுமாம், திருவிழாவுக்கு சவுண்டு செட் கொண்டுபோகிறவர்கள் சும்மா அலுத்துக்கொள்கிறார்களாம். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 18 அங்குல பாஸ் ஸ்பீக்கர் பெட்டியை அதில் ஏற்றிக் கோயில் வரை தள்ளிக் காட்டட்டும். கொஞ்சம் சாய்ந்தால் பெட்டி தரையில் கிடக்கும். இரண்டு சக்கரம்தான் சரி.

வெட்டுக்காரன்: எழுதியது நான்தான். இப்போதும் அதையேதான் சொல்கிறேன். ஒற்றைச் சக்கரம். செம்பனை (எண்ணெய்ப் பனை) மர நிரைக்குள் பாதை ஓர் ஆள் அகலம்தான். பாரிட்டை, அதாவது வடிகாலைத் தாண்ட ஒரே ஒரு பலகை கிடக்கும். உங்கள் இரண்டாவது சக்கரம் எங்கே உருளும், தண்ணீரிலா? நிலம் ஒரு பக்கம் சரிந்தால் இரட்டைச் சக்கர வண்டியும் கூடவே சரியும். ஒற்றைச் சக்கரத்தைக் கைப்பிடியிலேயே நேராக்கிவிடலாம். குலை 20 கிலோ என்றால் ஏழு குலைக்கே 140 கிலோ. முன்னால், சக்கரத்தை ஒட்டி அடுக்கினால் பாரத்தைச் சக்கரமே வாங்கிக்கொள்ளும். பின்னால் அடுக்குகிறவனுக்கு இடுப்பு போகும். 1917இல் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் போட்டது நம் பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தென்னமரத்தில். இந்த ஊர்க்காரனுக்கு வண்டி தள்ளச் சொல்லித்தர வேண்டாம்.

சவுண்டுக்காரன்: 1917இல் நீங்களா தள்ளினீர்கள்? குலை விழுந்தால் எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விடுவீர்கள். பெட்டி விழுந்தால் கோன் கிழியும், அன்றைய வாடகையும் போகும். இரண்டு சக்கரம்.

உதிரிப்பழம்: அண்ணன்களா, மரத்தடியில் குனிந்து, குலையிலிருந்து உதிர்ந்த பழத்தைப் பொறுக்கி, சாக்கில் கட்டி, ரோட்டோரம் வரை சுமப்பது யார்? அந்தச் சாக்குக்கு எத்தனை சக்கரம் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

வெட்டுக்காரன்: அக்கா, அதற்கும் ஒற்றைச் சக்கரம்தான்.

உதிரிப்பழம்: வண்டியைக் கேட்டால் "குலை ஏற்றி முடியட்டும்" என்கிறீர்கள். வெட்டின பழம் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும், தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறும் என்று மண்டோர் (மேற்பார்வையாளர்) எங்களையும்தான் விரட்டுகிறார். சக்கரத்தை அப்புறம் எண்ணுங்கள், முதலில் எங்களுக்கு ஒரு வண்டி கொடுங்கள்.

கேஎல்_தம்பி: இன்னுமா சோரோங்? செம்பனை வாரியம் சந்தாஸ் என்று மோட்டார் அரிவாளே கொண்டுவந்துவிட்டது. மெஷினுக்கு மாறுங்கள்.

வெட்டுக்காரன்: சந்தாஸ் வெட்டும் தம்பி, தள்ளுமா? கோலாலம்பூரில் லிஃப்டில் ஏறி இறங்குகிறவர் பாரிட்டுப் பலகையைப் பற்றிப் பேச வேண்டாம்.

உறுமி_செட்: ஊர்வலம் முழுக்க மேளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு அடித்தபடி நடக்கிறோம். எங்களுக்குச் சக்கரமே கிடையாது. நாங்கள் இப்படிப் புலம்பினோமா?

சவுண்டுக்காரன்: உங்கள் மேளத்துக்கு மைக் வைத்ததே நான்தான். அந்தக் காசு இன்னும் வரவில்லை.

உறுமி_செட்: பாதி ஊர்வலத்தில் ஜெனரேட்டர் நின்றுபோனதே, அதற்கும் காசா?

வெட்டுக்காரன்: ஜெனரேட்டரை விடுங்கள். ஆடித் திருவிழாவில் இவருடைய இரண்டு சக்கர வண்டி கோயில் வாசல் சேற்றில் புதைந்தபோது தூக்கிவிட்டது எங்கள் லயத்துப் பையன்கள். ஒரு தே ஓ (பால் இல்லாத தேநீர்) கூட வாங்கிக் கொடுக்கவில்லை.

சவுண்டுக்காரன்: தே தாரிக், பால் தேநீரே வந்தது. குடித்தீர்கள். புதைந்ததற்குக் காரணம் மழை, சக்கரம் இல்லை.

வெட்டுக்காரன்: மழை எங்களுக்கும்தான் பெய்கிறது. ஒற்றைச் சக்கரம் சேற்றில் ஒரே தடம்தான் போடும், இழுத்துவிடலாம். உங்களுடையது இரண்டு தடத்திலும் மாட்டும். இதை எத்தனை தடவை சொல்வது?

உதிரிப்பழம்: என் சாக்குக்குப் பதில் இன்னும் வரவில்லை.

சவுண்டுக்காரன்: அக்கா, இவர் முதலில் எனக்குப் பதில் சொல்லட்டும். பாஸ் பெட்டியை ஒற்றைச் சக்கரத்தில் தார் ரோட்டில் தள்ளிக் காட்டுவாரா?

வெட்டுக்காரன்: நீங்கள் உங்கள் வண்டியோடு பலகைக்கு வாருங்கள், அப்புறம் நான் ரோட்டுக்கு வருகிறேன்.

சவுண்டுக்காரன்: முதலில் நீங்கள் ரோட்டுக்கு.