தனியாகப் பாய்ப்படகு இறக்குவது எப்படி? மட்டக்களப்பு வாவி, கல்லடிப் பக்கம், அவசரம்

கல்லடிக்காற்று:
நாளைக் காலை மறுபடியும் இறக்க வேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ட்ரெயிலரைத் தண்ணீருக்குள் விட்டு, படகைத் தள்ளிவிட்டு, கெப் வண்டியை மேலே ஏற்றிவிட்டுத் திரும்பி வருவதற்குள் படகு குறுக்கே திரும்பிக் கரையில் முட்டி நிற்கிறது. மூன்று தரம் ஆகிவிட்டது. அடியில் ஒரு சாண் நீளத்துக்குக் கல் உரசிய கீறல், வெள்ளை நார் வெளியே தெரிகிறது. துணைக்கு ஆள் இல்லை.

வாவிக்கரையான்:
என்ன படகு? எத்தனை கிலோ? எந்தக் காற்று? லேசர் என்கிற சின்னப் பாய்ப்படகு என்றால் உடல் 59 கிலோதான், கைவண்டியிலேயே தள்ளிப் போகலாம்.

பழையசுக்கான்:
தம்பி, இது தோணிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பத்து வயதில் செய்கிற வேலை. முதலில் காற்றைப் பார்க்கப் பழகுங்கள், படகு அப்புறம்.

சம்மாந்துறைநானா:
டயரில் காற்றைக் குறையுங்கள் தம்பி. மணலில் சில்லு புதைவதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

கல்லடிக்காற்று:
சில்லு புதையவில்லை நானா. 14 அடி ஃபைபர், பாய்மரத்தோடு 130 கிலோ வரும். கச்சான்தான் அடிக்கிறது.

வாவிக்கரையான்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். கச்சான் மேற்கிலிருந்து வருகிறது, நீங்கள் நிற்பது வாவியின் கிழக்குக் கரை. காற்றே படகைக் கரைக்குத் தள்ளுகிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம், நகரக் கரையில் இறக்குங்கள். ட்ரெயிலரில் இருக்கும்போதே அணியத்தில் (படகின் முன்முனையில்) 60 அடிக் கயிறு கட்டி, மறுமுனையைக் கரையில் ஒரு மரத்தில் கட்டிவிடுங்கள். நைலோன் தாழ்ந்து சில்லில் சிக்கும், மிதக்கிற கயிறாக எடுங்கள். படகு தானாகவே வெளியே போய், அணியத்தைக் காற்றுக்குக் காட்டியபடி கயிற்றில் நிற்கும். ஆறுதலாக வண்டியை ஏற்றிவிட்டு வந்து பாயை ஏற்றலாம்.
கல்லடியில்தான் இறக்குவேன் என்றால், இடுப்பளவு தண்ணீர் வரை நடந்து போய் முதலில் நங்கூரத்தைப் போடுங்கள். அந்தக் கயிற்றை அணியத்தில் கட்டிய பிறகே படகை விடுங்கள்.
பாய்மரத்தை நிமிர்த்த முன் மேலே மின்கம்பி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அலுமினியத்தில் கரண்ட் பாயும்.

ஊரிப்பிள்ளை:
படகின் பின்பக்கத் தண்ணீர்த் துளைக்குத் தக்கை போட்டீர்களா? பாலத்தடி என்றால் பறுவ (முழுநிலா) இரவில் ஒரு தரம் போங்கள். துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் ஊரி (நத்தை மாதிரி ஓட்டுயிர்) பாடுவது கேட்கும்.

பழையசுக்கான்:
ஊரியா? பாடுவது மீன். ஊர்ச் சின்னத்திலேயே மீன்தானே இருக்கிறது.

ஊரிப்பிள்ளை:
சின்னத்தில் இருந்தால் பாடிவிடுமா அண்ணன்? என் அப்பப்பா வலை வீசியே வாழ்ந்தவர், ஊரி என்றுதான் சொல்லுவார்.

பழையசுக்கான்:
என் அப்பாவும் வலை வீசியவர்தான். மீன்.

சம்மாந்துறைநானா:
அதற்குத் தனி இழை போடுங்கள். தம்பி என்ன ஆனார்?

கல்லடிக்காற்று:
நகரக் கரையில் இறக்கினேன், சரி வந்தது. கயிற்றில் அசையாமல் நின்றது. நன்றி அண்ணன். வீட்டுக்கு வரும்போது ட்ரெயிலர் சில்லு கரகரவென்று சத்தம் போட்டது.

வாவிக்கரையான்:
ஓடிவந்த சூட்டோடு தண்ணீருக்குள் விட்டீர்களா? சூடான சில்லுப் பெயரிங் குளிர்ந்த தண்ணீரில் பட்டால் உள்ளே தண்ணீரை இழுக்கும். இன்றைக்கே கழற்றிக் கிரீஸ் மாற்றுங்கள். இனிமேல் பாய்மரத்தை நிமிர்த்தி முடியும் வரை ட்ரெயிலர் கரையிலேயே நின்று ஆறட்டும்.