புதுப்பிப்பு: ஃபேன் மாற்றியாச்சு

தக்கலைப் பக்கம் எங்கள் வீட்டில் ஓடும் மூன்று பழைய ஃபேன்களை மாற்றினால் கரண்ட் பில் குறையுமா என்று கேட்டிருந்தேன் அல்லவா? ஹாலிலும் அம்மா அறையிலும் பி.எல்.டி.சி. ஃபேன் (பிரஷ் இல்லாத மோட்டாரில், குறைந்த கரண்டில் ஓடுவது) மாட்டியாச்சு.

கணக்கு இதுதான். பழையது முழு வேகத்தில் சுமார் 75 வாட், புதியது 30 வாட் அளவு. தினம் 14 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஒரு ஃபேனுக்கு 63 யூனிட் போன இடத்தில் 25 யூனிட்தான் போகும். இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 75 யூனிட் மிச்சம். சின்னதாகத் தெரியலாம். ஆனால் நம் ஊர்க் கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் அதற்கு முந்தின யூனிட்டுகளில் சிலவற்றுக்கும் விலை ஏறிவிடும். எங்களைப் போல அந்தக் கோட்டை ஒட்டி நிற்பவர்களுக்கு அந்த 75 பெரிய விஷயம்.

மாட்டும்போது சுவர் ரெகுலேட்டரைக் கழற்றி நேர் இணைப்பு கொடுக்கச் சொல்லுங்கள். இந்த ஃபேனுக்கு அது ஒத்து வராது. ரிமோட்தான். அம்மாவுக்கு அதில் இன்னும் கோபம்!

மழைக்காலத்தில் கரண்ட் போனால் இன்வர்ட்டரும் கூடுதல் நேரம் தாங்குகிறது.

மூன்றாவது ஃபேனை மாற்றவில்லை. விருந்தாள் வந்தால் மட்டும் ஓடுவது, போட்ட காசு திரும்பவே வராது.