டாலர் ஏறியதா, கியாட் இறங்கியதா?

ரங்கூன் வீடு – வைபர் குழு, ஞாயிறு மாலை (கியாட்: மியன்மார் நாணயம்)

மீனா: பெரியப்பா, ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில், எழுத்துத் தாளின் முதல் கேள்வி. வரைபடத்தைப் பார்த்து இருபது நிமிடத்துக்குள் குறைந்தது 150 சொல் எழுத வேண்டும். ஒரு டாலருக்கு எத்தனை கியாட் என்ற வரைபடத்துக்கு நான் எழுதியது: 'இன் 2022, தி கியாட் ரோஸ் பை 2100.' வகுப்பில் சிவப்பு மையால் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். ஏன் தப்பு என்று கேட்டால் "கொடுத்த சொற்பட்டியலைப் படி" என்கிறார்கள்.

மாமா: கியாட் எப்போதம்மா ஏறியது? எனக்கு யாரும் சொல்லவே இல்லையே!

மீனா: கோடு மேலேதானே போகிறது மாமா?

மாமா: மேலே போகிறவர் டாலர். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரு டாலருக்கு 1850 கியாட் என்றது, ஆகஸ்டில் 2100 என்றது. பயின்னௌங் சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கூட 'டாலர் தெத்' (பர்மியில் 'ஏறுகிறது') என்பாரே தவிர 'கியாட் தெத்' என்று சொல்ல மாட்டார்.

பெரியப்பா: மாமா சொல்வது சரி. கோட்டைப் பார்த்து வினைச்சொல் போடாதே, எழுவாயைப் பார்த்துப் போடு. அதே கோட்டுக்கு 'தி டாலர் ரோஸ்' என்றும் எழுதலாம், 'தி கியாட் ஃபெல்' என்றும் எழுதலாம்.

அப்புறம் அந்த 'பை'. 'டு' என்பது நம் 'க்கு'. 2100-க்கு ஏறியது என்றால் 'ரோஸ் டு 2100'. எவ்வளவு ஏறியது என்பதற்குத்தான் 'பை'. 'ரோஸ் பை 250'.

மாமா: அப்படியானால் மீனா எழுதியபடி 1850-உடன் 2100 சேர்ந்து 3950 ஆகியிருக்கும்! சிவப்பு மை சும்மா வரவில்லை.

மீனா: 🙈 சரி, இப்போது பாருங்கள். 'தி டாலர் ரோஸ் பை 13.5 பர்சென்ட் அண்ட் தி கியாட் ஃபெல் பை 13.5 பர்சென்ட்.'

அண்ணன் (சிங்கப்பூர்): முதல் பாதி சரி, 250-ஐ 1850-ஆல் வகுத்திருக்கிறாய். இரண்டாவது பாதி தப்பு. கியாட்டின் பக்கம் நின்று பார்த்தால் 250-ஐ 2100-ஆல் வகுக்க வேண்டும். சுமார் 11.9 விழுக்காடுதான் வரும். ஏற்றமும் இறக்கமும் ஒரே விழுக்காடாக இருக்காது.

மாமா: இதைத்தான் என் கணக்குப்பிள்ளைக்கு ஒரு வருடமாகச் சொல்கிறேன்.

பெரியப்பா: இன்னொன்று. 'தி பேங்க் ரோஸ் தி ரேட்' என்று எழுதிவிடாதே. ஏறியது என்றால் 'ரோஸ்', ஏற்றினார்கள் என்றால் 'ரெய்ஸ்டு'. தன்வினை, பிறவினை. கோயில் தமிழ் வகுப்பில் உருண்டு புரண்டு படித்தாயே, அதேதான். 'இன்க்ரீஸ்' ஏறியதற்கும் வரும், ஏற்றியதற்கும் வரும். 'ஃபால்' தானாக விழுவதற்கு மட்டும். குறைத்தார்கள் என்றால் 'கட்', 'லோவர்டு', 'ரெடியூஸ்டு'.

அத்தை (மோல்மீன்): எனக்கு ஒரு சந்தேகம். பட்டியலில் 'ஸோர்' என்று இருக்கிறதே, சோர்ந்து போவதா?

மீனா: ஐயோ அத்தை, அது நேர்மாறு. பருந்து மாதிரி உயரே போவது.

பெரியப்பா: அத்தை கேட்டதும் நல்லதுதான். வகுப்பில் கொடுக்கும் பட்டியலில் எனக்குப் பிடிக்காதது இதுதான். 'ஸோர்', 'பிளம்மெட்' எல்லாவற்றையும் வாரி இறைக்கிறார்கள். பிளம்மெட் என்பது கொத்தனார் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறாரே அந்த ஈயக்குண்டு. அப்படிச் சட்டென்று நேராக விழுந்தால்தான் அந்தச் சொல். கொஞ்சம் சரிந்ததற்கு 'ஃபெல் ஸ்லைட்லி' போதும்.

மாமா: கோடு படுத்தே கிடந்தால்? 2021-இல் இந்தியாவுடன் போட்ட ஒப்பந்தம்: ஐந்து வருடத்துக்கு, வருடம் 2.5 லட்சம் டன் உளுந்து, 1 லட்சம் டன் துவரை. எண் மாறவே இல்லை.

மீனா: 'ஸ்டேபிலைஸ்டு'?

பெரியப்பா: இல்லை. ஆடி அடங்கியதற்குத்தான் அது. இது ஆடவே இல்லை. 'ரிமெய்ன்டு அன்சேஞ்ச்டு அட் 250,000 டன்ஸ்'. நின்ற இடத்துக்கு 'அட்'. ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் சமமானால் 'லெவல்டு ஆஃப்'.

மீனா: கடைசியாக ஒன்று: 'பிட்வீன் ஏப்ரல் அண்ட் ஆகஸ்ட் 2022, தி டாலர் ரோஸ் ஃப்ரம் 1850 டு 2100 கியாட், அ ரைஸ் ஆஃப் அபவுட் 13.5 பர்சென்ட்.'

பெரியப்பா: அப்படியே வை. 'ரைஸ்' பெயர்ச்சொல்லாக வந்ததால் அளவுக்கு 'ஆஃப்' போட்டாய் பார், அது அழகு. எதில் ஏற்றம் என்று சொல்ல வேண்டுமானால் 'இன்': 'அ ரைஸ் இன் பிரைசஸ்'.

அத்தை: இங்கே கரண்ட் போய்விட்டது. குக்கரில் ரைஸ் பாதி வேக்காட்டில் நிற்கிறது.

மீனா: லெவல்டு ஆஃப், அத்தை.