கடைசியில் கையெழுத்துப் போடத்தான் போகிறார்கள் என்றால், அதை முதலிலேயே போட்டால் என்ன?

மலர் டீச்சர்:
பத்தாம் வகுப்புக்கு சமூக அறிவியல் எடுக்கிறேன். இரண்டாம் உலகப் போர் பாடத்தின் நடுவில் ஒரு பையன் எழுந்து, "போர் முடிஞ்சா எப்படியும் உட்கார்ந்து பேசி கையெழுத்துப் போடுறாங்க. அதை முதல்லயே போட்டா இத்தனை பேர் சாக வேண்டாமே மிஸ்?" என்று கேட்டான். பேராசை, வெறி என்று ஏதோ சொன்னேன். எனக்கே அது போதவில்லை. உண்மையில் நடந்த ஒரு போரை வைத்து யாராவது விளக்குங்களேன்.

ஹெல்சின்கிவாசி:
நான் இருக்கும் பின்லாந்துக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் 1939 நவம்பரிலிருந்து 1940 மார்ச் வரை நடந்த குளிர்காலப் போரின் கதையையே சொல்கிறேன், டீச்சர்.

1939 அக்டோபரில் சோவியத் தலைவர் ஸ்டாலின் பின்லாந்துக்காரர்களை மாஸ்கோவுக்குப் பேச அழைத்தார். சோவியத்தின் பெருநகரமான லெனின்கிராடிலிருந்து எல்லை வெறும் 32 கிலோமீட்டர். அதைத் தள்ளி வையுங்கள், அங்குள்ள அரண்களை இடியுங்கள், ஹான்கோ துறைமுகத்தை 30 ஆண்டு குத்தகைக்குக் கொடுங்கள் என்றார். சும்மா கேட்கவில்லை. ஏறக்குறைய 2,760 சதுர கிலோமீட்டருக்கு ஈடாக, வடக்கே கரேலியாவில் 5,500 சதுர கிலோமீட்டர் தருவதாகச் சொன்னார். பரப்பளவை மட்டும் பார்த்தால் பின்லாந்துக்கு இரட்டிப்பு.

ஆனால் அரணை இடித்துவிட்ட பிறகு அவர் இன்னும் கேட்டால் எதை வைத்துத் தடுப்பது? செக்கோஸ்லோவாக்கியா 1938-இல் ம்யூனிக் ஒப்பந்தத்தால் எல்லைப் பகுதியை அரண்களோடு ஜெர்மனியிடம் இழந்தது. ஆறே மாதத்தில் ஹிட்லர் அதன் தலைநகர் பிராகாவுக்குள் வந்துவிட்டார். எழுதி வாங்கலாம் என்றால், ஒருவரையொருவர் தாக்க மாட்டோம் என்று 1932-இல் சோவியத்தோடு போட்ட ஒப்பந்தம் இவர்கள் கையில் ஏற்கெனவே இருந்தது! ஊரில் பத்திரத்தை மீறினால் கோர்ட்டுக்குப் போகலாம். நாடு நாட்டை ஏமாற்றினால் எந்த வாசலில் போய் நிற்பது? போர் தொடங்கிய பிறகு சர்வதேச சங்கம் சோவியத்தை வெளியேற்றியது, அவ்வளவுதான்.

எஸ்தோனியா, லாட்வியா, லிதுவேனியா மூன்றும் அதே சமயத்தில் சோவியத் ராணுவத் தளங்களுக்கு இடம் கொடுத்தன. 1940 ஆகஸ்டுக்குள் மூன்று நாடுகளும் சோவியத் ஒன்றியத்துக்குள் போய்விட்டன. ஆகவே விலை படியாததால் பேச்சு முறிந்தது என்று நான் நினைக்கவில்லை. வாங்கியவர் அதோடு நிற்பார் என்பதற்கு யாரும் ஜாமீன் நிற்க முடியவில்லை.

பழைய வரைபடம்:
இதில் பாதிதான் எனக்கு ஒப்புதல். கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்று பின்லாந்தின் மார்ஷல் மன்னர்ஹைமே சொன்னார், மாஸ்கோவுக்குப் பேசப் போன தூதர் பாசிகிவியும் சொன்னார். வெளியுறவு அமைச்சர் எர்க்கோதான், ஸ்டாலின் மிரட்டுகிறார், அடிக்க மாட்டார் என்று நம்பினார். அந்தப் பக்கமும் தப்புக் கணக்குதான். நவம்பர் 30-இல் தாக்கிவிட்டு, மறுநாளே பின்லாந்து கம்யூனிஸ்ட் குசினன் தலைமையில் ஒரு பொம்மை அரசை அறிவித்தார்கள். சீக்கிரம் முடிந்துவிடும் என்ற நினைப்பு. எதிராளியின் பலத்தை இரண்டு பேருமே சரியாக எடை போட்டிருந்தால் பேச்சு முறிந்திருக்காது.

மலர் டீச்சர்:
சரி, அப்படியானால் 1940 மார்ச்சில் மட்டும் எப்படிக் கையெழுத்தானது? ஸ்டாலின் மேல் நம்பிக்கை வந்துவிட்டதா?

ஹெல்சின்கிவாசி:
நம்பிக்கை வரவில்லை. 105 நாள் சண்டையில் இரண்டு பக்கமும் நிலவரம் தெரிந்துவிட்டது. பின்லாந்தை முழுசாக விழுங்க எவ்வளவு விலை கொடுக்க வேண்டும் என்று ஸ்டாலின் பார்த்துவிட்டார். பிரிட்டனும் பிரான்சும் உள்ளே வந்துவிடுமோ என்ற கவலை வேறு. குசினனை ஓரம்கட்டிவிட்டு ஹெல்சின்கியோடு பேசினார். இங்கே ஆள் பலமும் குண்டும் தீரும் நிலை, வெளி உதவி நேரத்துக்கு வராது என்பதும் உறுதியாகிவிட்டது. பழைய வரைபடம் சொல்வதை இந்த இடத்தில் ஏற்கிறேன்.

அக்டோபரில் கேட்டதைவிட மிக அதிகம் போனது. வீபுரி நகரமே போனது. 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டுக் கிளம்பினார்கள். இறந்த பின்லாந்து வீரர்கள் சுமார் 25,000 பேர். கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை இங்கே எல்லோரும் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். போன வருடம் ஹெல்சின்கியின் ஹியெத்தானியெமி கல்லறைக்கு நானும் போனேன். பனியைக் கையால் தள்ளி ஒரு வரிசையைப் படித்தேன். பிறந்த ஆண்டு 1918, 1920, மறுபடி 1920. கேள்வி கேட்ட உங்கள் பையனைவிட நாலைந்து வயதுதான் கூட.