வாசல் வேம்பும் தோப்புத் தென்னையும்: நம்ம வீட்டு வாட்ஸ்அப் குழுவில் ஒரு சனிக்கிழமை

மாமா: [படம்] அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்கள். வாசல் வேம்பில், ஆள் உயரத்தில், கல்யாணத்துக்கு சீரியல் லைட் கட்டிய கம்பி அப்படியே பட்டைக்குள் புதைந்து கிடக்கிறது. கம்பிக்கு மேலே வளையம் போல வீங்கியிருக்கிறது, கீழே ஒல்லி. முக்கால் சுற்று இறுகிவிட்டது. ஆனால் இலை எல்லாம் நல்ல பச்சைதான்.

மாமா: மரம் இனி தேறாது, வெட்டி விறகுக்குப் போட்டுவிடலாம் என்கிறார்கள் பக்கத்துத் தோட்டத்தில்.

பெரியம்மா: வெட்ட வேண்டாம் தம்பி!! கால் சுற்று நல்ல பட்டை மிச்சம் இருக்கிறது அல்லவா, பிழைக்க வாய்ப்பு இருக்கிறது.

அம்மா: இலை பச்சையாக இருந்தால் மரத்துக்கு ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம் அக்கா?

பெரியம்மா: இல்லை, அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். வேர் உறிஞ்சும் தண்ணீர் மரக்கட்டைக்கு உள்ளே இருக்கிற சைலம் வழியாக மேலே போகிறது, அதைக் கம்பி தொடவில்லை. இலை தயாரித்த சர்க்கரை கீழே இறங்குவது உள்பட்டையில் இருக்கிற புளோயம் வழியாக, கம்பி இறுக்கியது அதைத்தான். இறங்க வழியில்லாமல் மேலேயே தேங்குவதால்தான் அந்த வீக்கம். முழுச் சுற்றும் இறுகியிருந்தால் வேர் பட்டினியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும், இலை மட்டும் பல மாதம் பச்சையாகவே நிற்கும். இலை வாடும்போது வேர் கதை முடிந்திருக்கும்.

கவின்: பெரியம்மா!! எனக்கு திங்கட்கிழமை திசுக்கள் பாடம்தான் டெஸ்ட். புத்தகத்தில் சைலம் நீரைக் கடத்தும், புளோயம் உணவைக் கடத்தும் என்று மட்டும் இருக்கிறது. இந்தப் படத்தை வைத்தே சொல்லிக்கொடுங்களேன்.

பெரியம்மா: சரி, படத்தைப் பெரிதாக்கிப் பார். சொரசொரப்பாக வெளியே இருப்பது தக்கை, எல்லாம் செத்த செல்கள், மரத்துக்குப் பாதுகாப்பு. அதற்கு உள்ளே ஈரமாக, நார் நாராக உரிந்து வருவது புளோயம். அதற்கும் உள்ளே, நகத்தால் சுரண்டினால் வழவழ என்று கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு படலம் இருக்கும், அது கேம்பியம், அதுவும் ஆக்குத்திசுதான், அதாவது பிரிந்து பிரிந்து புதுச் செல்களை உண்டாக்கும் திசு. உள்பக்கம் புது சைலத்தையும் வெளிப்பக்கம் புது புளோயத்தையும் போட்டுக்கொண்டே இருக்கும், மரம் பருப்பது அதனால்தான். அப்புறம்தான் கட்டை. அதாவது சைலம்.

பெரியம்மா: சைலக்குழாய் செத்த பிறகுதான் வேலையே செய்யும். உள்ளே இருந்த உயிர்ப்பொருள் மறைந்து வெறும் சுவர் நின்றால்தானே தண்ணீர் தடையில்லாமல் ஓடும். புளோயத்தின் சல்லடைக் குழாய் உயிரோடு இருந்தால்தான் வேலை செய்யும். டெஸ்ட்டில் வித்தியாசம் கேட்டால் இதை முதலில் எழுது.

கவின்: அப்படியென்றால் கம்பி ஏன் மேலே போகவில்லை? மரம் அதற்குப் பிறகு எவ்வளவோ வளர்ந்துவிட்டதே.

பெரியம்மா: நல்ல கேள்வி. மரம் உயர்வது கிளை நுனியில் இருக்கிற நுனி ஆக்குத்திசுவால் மட்டும். ஆள் உயரத்தில் அடித்த ஆணி ஐம்பது வருடம் கழித்தும் அதே உயரத்தில்தான் இருக்கும், மரம் பருக்கப் பருக்க உள்ளே புதைந்துபோகும், அவ்வளவுதான்.

மாமா: அக்கா, ஒரு சந்தேகம். தோப்பில் மேற்கு வரிசைத் தென்னையில் ஏறுவதற்காக அப்பா காலத்தில் படி வெட்டியிருக்கிறார்கள். அந்த வெட்டு இன்றைக்கும் அன்று வெட்டியது போலவே இருக்கிறது, விரலை விட்டால் முழு விரலும் போகிறது. ஆனால் இதே வேம்பில் கோடாலி பட்ட இடம் நாலைந்து வருடத்தில் உதடு மாதிரி இரண்டு பக்கமும் வளர்ந்து மூடிக்கொண்டது. தென்னை ஏன் மூடவில்லை?

பெரியம்மா: தென்னைக்குக் கேம்பியம் கிடையாது தம்பி. அது ஒருவித்திலை, அதாவது விதையில் ஒரே ஒரு வித்திலை உள்ள வகை. சைலமும் புளோயமும் சின்னச் சின்னக் கற்றைகளாகத் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கும். அதனால் வெளியே சுற்றி வெட்டினாலும் உடனே சாகாது, உள்ளே நிறைய கற்றைகள் இருக்கின்றன. ஆனால் காயத்தை மூட புதுத் திசு போட ஆள் இல்லை. விழுந்த வெட்டு அதன் ஆயுளுக்கும் வெட்டுதான். அந்தக் குழியில் மழைத்தண்ணீர் தேங்கும், சிவப்புக் கூன்வண்டு முட்டை வைக்கும். தென்னையில் படி வெட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறுகிறது, தயவுசெய்து புது மரத்தில் யாரும் வெட்டாதீர்கள். பழைய ஓட்டைகளை அடைத்துவிடு.

பெரியம்மா: குருத்தும் அப்படித்தான். தென்னைக்கு வளரும் நுனி ஒன்றே ஒன்று. காண்டாமிருக வண்டோ குருத்தழுகலோ அதைத் தின்றுவிட்டால் பக்கத்துக் கிளையை நம்பிப் பிழைக்க வழி இல்லை.

அம்மா: அம்மாச்சி வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறார். எல்லோருக்காகவும் எழுதிவிடுகிறேன்: "மரத்துக் கதையெல்லாம் சரி. போன வாரம் அரிவாள்மனையில் விரலை வெட்டிக்கொண்டேன், அதற்குள் தோல் மூடிவிட்டது. இந்த முட்டி மட்டும் ஏன் ஆறவே மாட்டேன் என்கிறது? டாக்டர் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது என்கிறார்."

பெரியம்மா: அம்மா, உங்கள் தோல் வேம்பு, உங்கள் முட்டி தென்னை. தோலின் மேல்பகுதி எபிதீலியத் திசு. அதன் அடி அடுக்கில் செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும், அதனால் சீக்கிரம் மூடும். குருத்தெலும்பில் ரத்தக்குழாயே கிடையாது. சத்தும் ஆக்சிஜனும் சுற்றியுள்ள திரவத்திலிருந்து மெல்ல ஊறித்தான் உள்ளே போக வேண்டும், செல்களும் ரொம்பக் குறைவு. அதனால் தேய்ந்தது தேய்ந்ததுதான் என்று இருந்துவிடாமல், டாக்டர் சொன்ன தொடைப் பயிற்சியை விடாமல் செய்யுங்கள். தொடைத்தசை பலமாக இருந்தால் முட்டிக்குப் பாரம் குறையும்.

அம்மா: நாளைக்கு ஆட்டுக்கால் பாயா வைக்கலாம் என்று இருக்கிறேன். அம்மா குடித்தால் முட்டிக்கு நல்லதா அக்கா? எல்லோரும் சொல்கிறார்களே.

பெரியம்மா: தெம்புக்கு நல்லது, தாராளமாகக் குடிக்கட்டும். ஆனால் பாயாவில் இருக்கிற கொலாஜன் என்ற புரதம் வயிற்றில் அமினோ அமிலமாக உடைந்துபோகும், நேராக முட்டியில் போய் ஒட்டிக்கொள்ளாது. கவினை மட்டும் கால் சுத்தம் செய்யும்போது பக்கத்தில் உட்கார வை. எலும்பு முனையில் நீலம் கலந்த வெள்ளையாகப் பளபளவென்று தொப்பி மாதிரி இருக்கும், கத்தியால் சீவினால் மெழுகு போலச் சீவல் வரும், அதுதான் குருத்தெலும்பு. வெள்ளைக் கயிறு போல இழுத்தாலும் அறாமல் இருப்பது தசைநாண், தசையை எலும்போடு கட்டுவது. எலும்போடு எலும்பைக் கட்டுவது தசைநார். மீதிப் பாயாவை ஃப்ரிட்ஜில் வைத்தால் காலையில் உறைந்து ஆடும் பார், அது கொலாஜன் வெந்து ஜெலட்டின் ஆனது. எல்லாமே இணைப்புத் திசு.

கவின்: ரத்தமும் இணைப்புத் திசு என்று போட்டிருக்கிறதே, அது எதை இணைக்கிறது?

பெரியம்மா: உடம்பு முழுவதையும்தான். இணைப்புத் திசு என்றால் செல்கள் கொஞ்சம், அவற்றைச் சுற்றி ஒரு பொருள் நிறைய. எலும்பில் அது கெட்டி, ரத்தத்தில் அது பிளாஸ்மா, கிட்டத்தட்ட 55 சதவீதம். இன்னொன்று, இது டெஸ்ட்டுக்கு வராது, உனக்காகச் சொல்கிறேன்: நம்முடைய சிவப்பணுவுக்கு நியூக்ளியஸ் கிடையாது, சுமார் 120 நாளில் முடிந்துவிடும். புளோயத்தின் சல்லடைக் குழாய்க்கும் நியூக்ளியஸ் கிடையாது. ஆனால் தென்னையில் அதே குழாய், பக்கத்தில் இருக்கிற துணைசெல்லின் தயவில், பல பத்து வருடம் வேலை செய்கிறது, மாற்று இல்லாமல். எனக்கு இது எப்போது நினைத்தாலும் ஆச்சரியம்தான்.

கவின்: 😮😮

மாமா: அக்கா, கம்பிக்கு வாங்க. எப்படி எடுப்பது? இழுத்தால் பட்டையும் சேர்ந்து வருகிறது.

பெரியம்மா: இழுக்காதே. வெளியே தெரிகிற இடத்தில் கட்டிங் பிளையரால் துண்டு துண்டாக வெட்டு, தானாக வருவதை மட்டும் எடு. ஆழமாகப் புதைந்த துண்டை விட்டுவிடு, அதை நோண்டினால் கேம்பியமும் போய்விடும். இறுக்கம் விட்டாலே போதும். சிமெண்ட், பெயிண்ட் எதுவும் பூச வேண்டாம்.

மாமா: சரி அக்கா, காலையில் வெயிலுக்கு முன்னாடி செய்துவிடுகிறேன். கவின், திசு வாழைக் கன்று என்று நாங்கள் வாங்கி நடுகிறோமே, ஜி9 ரகம், அது எந்தத் திசு சொல்லு பார்ப்போம்.

கவின்: ஆக்குத்திசு?

மாமா: அதேதான். பக்கக்கன்றின் உச்சியில் சுண்டுவிரல் நுனி அளவு வெள்ளையாக இருப்பதை எடுத்துத்தான் பாட்டிலில் வளர்க்கிறார்கள். டெஸ்ட் முடித்துவிட்டு அடுத்த ஞாயிறு வா, ஒரு கன்றை அறுத்து அந்த நுனியைக் காட்டுகிறேன். வரும்போது பெரியம்மாவிடம் லென்ஸ் வாங்கிக்கொண்டு வா.